ஒற்று மிகும் இடம்

தெருவாசலில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, குளியலறையில் தண்ணீர் வெளியே போகும் துளை வழியாகவே தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. மழை இல்லை, வெயில் பளீரென்று அடித்தது. கடல்தான் ஏறியிருந்தது. என் மூட்டைகள் அதை வெளியே போகவிடாமல் வீட்டுக்குள்ளேயே தேக்கின.

வீடு வாங்கி எட்டு மாதம்தான். விற்றவர் எழுத்தாளர். கடல் ஏறி ஒரு தெருவையே விழுங்குவதாக அவர் எழுதிய நாவலுக்கு நான்தான் பிழை திருத்தினேன். வெளியீட்டு விழாவில் ஆளாளுக்கு, நாளை வரப்போவதைக் கண்ணால் பார்த்துவிட்டோம் என்று உருகினார்கள். நானும் கை தட்டினேன். எனக்கென்ன தெரியும்? கதையில் விழுந்தால் பிழை தப்பிவிடும் என்று, ஒவ்வொரு பக்கத்தையும் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிக்கிறவள் நான். இருபது வருடமாக ஓர் ஒற்றுகூடத் தப்பியதில்லை என்ற மண்டைக்கனமும் உண்டு.

அப்பா முன்னறைக் கட்டிலில் கிடந்தார். பக்கவாதம். தூக்க இன்னொரு ஆள் வேண்டும். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. நாவலைப் படித்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

எழுத்தாளருக்குப் போன் செய்தேன்.

"சார், தண்ணி உள்ள வந்துடுச்சு. யாரையாவது அனுப்புங்க, அப்பாவைத் தூக்கணும்."

"வாசல் வழியாவா, பாத்ரூம் வழியாவா?"

"பாத்ரூம்."

"அப்படியேதான் எழுதியிருந்தேன்." குரலில் பெருமை.

"இந்த வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்க மூணு தடவ படிச்சீங்களேம்மா. தெரிஞ்சுதான் வாங்குறீங்கன்னு நெனச்சேன்."

அவர் அப்படி நினைக்கவில்லை. நான் எப்படிப் படிப்பேன் என்று விழா மேடையில் சொல்லிச் சிரித்ததே அவர்தான். ஆள் கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அலமாரியிலிருந்து நாவலை எடுத்தேன். முதல் முறையாக மேலிருந்து படித்தேன். இந்த வீட்டின் நீலக் கதவு, முன்னறை, சன்னலோரக் கட்டில், எல்லாம் இருந்தது. 'தண்ணீர் கட்டிலைத் தொட்டது.' அவர் 'கட்டிலை தொட்டது' என்றுதான் எழுதியிருந்தார். அந்த 'த்' நான் போட்டது.

"என்னம்மா படிக்கிற?" அப்பாவுக்குப் பேச்சு மட்டும் தெளிவு.

"சார் எழுதுன கதைப்பா."

"சத்தமா படியேன். அடுத்து என்ன ஆவுது?"

கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவருடைய உணர்வற்ற கையில், விரல்கள் தண்ணீரோடு மெல்ல அசைந்தன. நான் பக்கத்தின் கடைசி வரிக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கிச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன்.