அண்ணா நாய் பார்த்த லட்சணம்

என் அண்ணா நரசிம்மனுக்கு எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் இருபது வருஷமாக அடுத்தவர் எழுதிய பைலில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுகிறவன், வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் சகலகலா நிபுணனாகிவிடுவான்.

அவன் பெண் அக்‌ஷயாவுக்கு ஒன்பது வயசு. நாய் என்றால் உயிர். ஆனால் தெருநாயைத் தொட்டுவிட்டு வந்தாலே இழுப்பு வந்துவிடும். டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். முழுக்க ஆபத்தில்லாத நாய் என்று எதுவும் கிடையாது. பூடில் கலப்பில் நல்ல சுருட்டை முடியுள்ள குட்டிக்கு முடி குறைவாக உதிரும். எடுப்பதற்கு முன்னால் குழந்தையை அதோடு ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். மூச்சு சரியாக இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் நாய் ஆசையையே விட்டுவிடுங்கள். இவ்வளவுதான். ஒரு கழுதைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாலிகஞ்சில் நாய்க்குட்டி விற்கும் மிதாலி தீதி வீட்டுக்குப் போனோம். பூடில் அம்மா, ஸ்பானியல் அப்பா, இரண்டே குட்டிகள். கல்யாணத்தில் உட்பிரிவு தாண்டினாலே தலைமுழுகிவிடுகிற என் அண்ணா, நாயில் கலப்பு என்றதும் பூரித்துப்போனான். லேக் மார்க்கெட்டில் காபிப்பொடிக் கடை வைத்திருக்கும் என்னையும் கடையைப் பூட்ட வைத்து இழுத்துக்கொண்டு போனான். வங்காளி பேச ஆள் வேண்டுமாம். இருபது வருஷம் இந்த ஊரில் என்னத்தைக் கிழித்தானோ!

தீதி சிங்காடாவும், அதாவது இந்த ஊர் சமோசாவும், டீயும் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான், அண்ணாவும் வைஷாலி மன்னியும் சொஜ்ஜி பஜ்ஜி தட்டைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாராக மாறிவிட்டார்கள். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"குட்டிகளைக் கொஞ்சம் நடக்கவிடச் சொல்லு கல்யாணி," என்றான் அண்ணா.

இந்த நாடகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பதினோரு குடும்பம் பார்த்தது. நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், பின்னலைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். கடைசியாக வந்தவன், "கறுப்பா இருந்தாலும் பரவாயில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்" என்றான். எழுந்து போடா என்றேன். அதோடு காபி அரைக்க வந்துவிட்டேன்.

குட்டிகளில் ஒன்று வெண்ணெய் நிறம், படிந்த நேரான முடி. மற்றது கறுப்பு, உடம்பு முழுக்கச் சுருட்டை. கறுப்புக்குட்டி யாரையும் கேட்காமல் அக்‌ஷயா மடியில் ஏறிப் படுத்துத் தூங்கியது. பத்து நிமிஷம் ஆயிற்று. குழந்தைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

"அந்த வெள்ளை என்ன களை பாருங்கோ! முடி பட்டு மாதிரி," என்றாள் மன்னி. "இது கறுப்பு. போறாததுக்குச் சுருட்டை. தினம் சிக்கு எடுக்க யாரால ஆகும்?"

அக்‌ஷயா தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு என் நிறம், என் முடி. ஞாயிறு தவறாமல் மன்னி அவளை உட்கார வைத்து, ஸ்ட்ரெய்ட்னரைச் சூடாக்கி, அந்தத் தலையை நேராக்குவாள். அன்று காலையிலும் ஆகியிருந்தது.

"வெள்ளைக்கு முடி கொட்டும். இந்தப் பெண்ணுக்குக் கறுப்புதான் சரி," என்றாள் தீதி. அப்படியே தமிழில் சொன்னேன்.

"போணியாகாததை நம்ம தலையில கட்டப் பாக்கறா," என்றான் மேதாவி. "வெள்ளையே இருக்கட்டும். நாலரைக்கு ராகு காலம். எழுந்திருங்கோ."

"டாக்டர் ஒரு மணி நேரம்னாரே அண்ணா?"

"டாக்டருக்கு ராகு காலம் தெரியுமா?"

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜன்மத்திடம் என்ன பேச? அண்ணா வெள்ளைக்குட்டியைத் தூக்கிக்கொண்டான். அக்‌ஷயா கறுப்பை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

பிரின்ஸ் என்று பேர் வைத்தார்கள். பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. தங்கமான நாய். ஆனால் அது வளர்ந்து நவராத்திரி பூஜை வருவதற்குள் சோபாவில் முடி, தலையணையில் முடி, சாம்பாரிலும் முடி. "பனிக்கு முன்னாடி எல்லா நாய்க்கும் கொட்டும்," என்றான் அண்ணா. எந்தச் சாஸ்திரத்தில் படித்தானோ!

அக்‌ஷயா இழுப்பு வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு மூச்சு வாங்கியிருக்கிறாள். சொன்னால் நாயை அனுப்பிவிடுவார்களே! ஒருநாள் அங்கேயே விழுந்தாள், உதடு நீலம் பாரித்து. மூன்று நாள் ஆஸ்பத்திரி. அந்த நாய் இனி வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணாவை அறைந்திருப்பேன். அழுதுகொண்டிருந்தான், விட்டேன்.

வீட்டைக் கழுவித் துடைத்து, அவளுக்கு மூச்சு சீரான பிறகு, மறுபடி ஒரு ஞாயிறு எல்லோருமாக டாலிகஞ்ச். பிரின்ஸை முந்தின வாரம் தீதியிடம் விடப் போனபோதுதான் கறுப்பு இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்திருந்தேன். கதவைத் திறந்தவள் பின்னால் கறுப்பு நின்றது, நன்றாக வளர்ந்து. பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் வெள்ளைதான் வேண்டுமாம். என் அண்ணாமார்கள் எல்லா பாஷையிலும் இருக்கிறார்கள்.

மூணே காலுக்கு அக்‌ஷயாவை அதோடு தனி அறையில் உட்கார வைத்தேன். நாலே காலுக்கு அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். மூச்சு சுத்தமாக இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரி, கறுப்புன்னாலும் பரவாயில்லை. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றான் அண்ணா.

வாயில் வந்ததை நான் கொட்டுவதற்குள் அக்‌ஷயா பேசினாள். நாயின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுக்கும் சண்டே சண்டே ஸ்ட்ரெய்ட்னர் போடுவியா? போடறதா இருந்தா இது இங்கேயே இருக்கட்டும்."

மன்னி முகம் செத்துப்போயிற்று. "மாட்டேன்டி கண்ணா," என்றாள்.

"அப்போ எனக்கு?"

அண்ணா அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். "நாலரை ஆகப்போறது, கிளம்பலாம்."

"உட்காரு அண்ணா," என்றேன். "குழந்தை கேட்டதுக்கு அவ பதில் சொல்லட்டும்."