எடை குறையவேண்டிய குழாய்

தராசுக்குப் பக்கத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். என் கணவர் அதை அப்படியே கடைப்பிடிப்பார். கண்ணையும் சேர்த்து மூடிக்கொள்வார். வீட்டில் நான் சொல்வது எதுவும் இவ்வளவு சுலபமாக அவர் காதில் ஏறியதில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில் வேலை. அவர் புதுப்புதுச் சேர்மங்களைச் செய்வார். நான் அவற்றின் காந்தத் தன்மையை அளப்பேன். பொடியை ஒல்லியான கண்ணாடிக் குழாயில் தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்பி, தராசிலிருந்து நூலில் தொங்கவிடுவேன். குழாயின் அடிமுனை மின்காந்தத்துக்கு நடுவே நிற்கும். மின்சாரத்தை விட்டதும் காந்தம் பொடியை இழுத்தால் எடை கூடும், தள்ளினால் துளி குறையும். இவருடைய செங்கல் நிறப் பொடியில் எலக்ட்ரான்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கின்றன, அதனால் எடை குறைந்தே தீரும் என்பது இவர் கட்சி. மூன்று வருட உழைப்பு அந்த ஒரு முடிவை நம்பித்தான் இருந்தது.

எடை கூடியது. குழாயைக் கழுவிக் காயவைத்து, மறுபடி நிரப்பி அளந்தேன். இன்னும் கொஞ்சம் கூடியது.

"உன் தராசுல ஏதோ கோளாறு," என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. ஆய்வகப் பேச்சு வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். அன்று இரவுச் சாப்பாட்டில் தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "சண்டையா?" என்றாள்.

"இல்லடி, எடை," என்றேன்.

மறுநாள் காலை அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கட்டும்போது ஸ்பூனைக் காணவில்லை.

"உங்க சின்ன ஸ்பூன் எங்க?"

"லேப்ல இருக்கு."

"அதுக்கு அங்க என்ன வேலை?"

"பிளாஸ்டிக் கரண்டி உடைஞ்சு போச்சு. பொடி கண்ணாடியில கெட்டியா ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. அதான், இதால சொரண்டி..." பாதியில் நின்றார்.

காந்தம் அளக்கப்போகிற பொடியை இரும்பு தொடக்கூடாது என்று வருடா வருடம் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர் இவர். அந்த ஸ்பூனோ எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வாங்கியது, ஓரமெல்லாம் துரு.

ஆய்வகத்துக்குப் போனதும் பழைய பொடியைக் காகிதத்தில் கொட்டி, அடியில் ஒரு சிறு காந்தத்தைப் பிடித்தேன். செங்கல் நிறத்துக்குள் நாலைந்து கருந்துகள்கள் எழுந்து நின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. திருட்டு முழி முழித்த மனிதர் மேல் பிரியமாகவும் இருந்தது.

"அந்த ஸ்பூன இனிமே வீட்டுப் பக்கம் கொண்டு வந்துடாதீங்க."

தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குப் பயம் போகவில்லை, எனக்கும்தான். துரு இருந்தது என்பதற்காகவே அவர் கணக்கு சரியாகிவிடாதே.

சுரண்டப்படாமல் குடுவையில் மீந்திருந்த படிகங்களைப் புதுப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துப் பொடித்து நிரப்பினேன். குழாய் நூலில் ஆடி ஓயும்வரை காத்திருந்தோம். காந்தத்தின் பொத்தானை அழுத்தினேன். பக்கத்தில் அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி இலக்கம் கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒன்று இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது.

நான் எதுவும் சொல்லவில்லை. கன்னம் உப்பி, காது சிவந்து, சொன்ன சொல் தட்டாத பிள்ளையாக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.