ரேடியோ வாய் மூடிய சாயங்காலம்

தையல்காரிக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டிருக்கும்போதுகூடப் பேசுவாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் அவள் வீட்டுக்காரர் அசைந்து கொடுக்கவில்லை. பஸ் டிரைவர் அவர். கொல்லைத் தோட்டத்துக்கு சிமெண்ட் போட்டுச் சொந்தக் காரை நிறுத்தியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாளைக்குக் கொத்தனார் வருகிறார்.

அந்தத் தோட்டத்துக்குத்தான் சாயங்காலமானால் ஒரு முள்ளெலி வரும். கையளவு உருவம், முதுகெல்லாம் முள். இலையை அரிக்கும் நத்தைகளைத் தேடித் தேடித் தின்னும். "வாங்க சார், இன்னைக்கு லேட்டா?" என்று அதனிடமும் கதையளப்பாள்.

அன்று அது, பட்டாணிக் கொடிக்கு அவளே கட்டிய நைலான் வலையில் மாட்டிக்கொண்டது. பின்னங்காலில் நூல் இறுகி, கால் வீங்கியிருந்தது. தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஐயோ ராசா, பயப்படாதே, இதோ..."

சட்டென்று பந்தாகச் சுருண்டது. காலும் உள்ளே போய்விட்டது.

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!"

இன்னும் சுருண்டது, நூல் இன்னும் இறுகியது. பேசிப் பேசியே கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சரி, இனி வாயைத் திறந்தால் நான் மனுஷியே இல்லை என்று மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கொசு பிய்த்தெடுத்தது. கால் மரத்துப்போனது. நாக்கு நமநமவென்றது. அவள் அசையவில்லை.

மெல்ல மூக்கு எட்டிப் பார்த்த நேரம், கொல்லைக் கதவருகே டிரைவரின் குரல்.

"டீ இருக்கா?"

அவளுடைய முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

"உன்னைத்தாம்மா."

அவள் திட்டினால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். இந்த மௌனத்தை என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"கோவமா?" குரல் இறங்கியது. "சிமெண்ட் விஷயமா?"

முள்ளெலி காலை நீட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தி நுனியை நூலுக்கடியில் நுழைத்தாள்.

"பாதி இடத்துக்கு மட்டும் போட்டுக்கலாமா?" என்றார் இன்னும் மெதுவாக.

ஒரு நூல் அறுந்தது.

"சரி தாயே, வேண்டவே வேண்டாம். கார் தெருவிலேயே நிக்கட்டும். கொத்தனாருக்கு இப்பவே போன் போடறேன். ஒரு வார்த்தை பேசிடேன்!"

கடைசி நூலும் அறுந்தது. முள்ளெலி நொண்டிக்கொண்டே செடிக்குள் ஓடி மறைந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. "போயிட்டான்!" என்று கத்த வாயெடுத்தவளுக்கு, அவர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்க்காமல் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கொத்தனாரிடம் வரவேண்டாம் என்று அவர் போனில் சொல்லி முடிக்கிறவரை, அந்த வலையைச் சுக்கல் சுக்கலாக வெட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.