ஆமைப் பிரசங்கம்

வனஜீவி சம்ரட்சண சபைக்கு மயிலாப்பூரில் ஒரு பெயர்ப் பலகையும், திரையில் படம் காட்டும் ஒரு மாஜிக் லாந்தரும், ஒரு பிரசங்கியும் உண்டு. பிரசங்கி சுப்பராமன். இரண்டு வருஷமாக அடையாற்றுக்குத் தெற்கே உள்ள கிராமப் பள்ளிக்கூடங்களுக்குக் கறுப்புக் கோட்டோடு போய், பட்சி மிருகாதிகளைக் காப்பாற்றும்படி குழந்தைகளை வேண்டிக்கொண்டிருந்தார். குழந்தைகள் கொட்டாவி விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லாந்தரை இயக்கியவர் ஷரீஃப். கச்சேரி ரோட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணாடிப் படங்களை மாற்றும்போது இருட்டிலிருந்து ஏதாவது சொல்லுவார்.

"இந்த நாரைக்கு இன்னா திமிரு பாரு நைனா! ஒத்தக் கால்ல நின்னுக்கினு மீனாண்ட மரியாதை கேக்குது."

பள்ளிக்கூடமே சிரிப்பில் அதிரும். சுப்பராமனுக்கு நெஞ்சு எரியும். டாக்டர் அதைப் பித்தம் என்று சொல்லி மருந்து கொடுத்தார். கோவளம் ஹெட்மாஸ்டர் எழுதிய நன்றிக் கடிதம் வந்த பிறகு மருந்தும் கேட்கவில்லை. 'அடுத்த தடவையும் லாந்தர் பாயைத் தவறாமல் அனுப்பவும். பிரசங்கம் தங்கள் சௌகரியம் போல.' சுப்பராமன் அதை நாலு தடவை படித்தார்.

1946 மாசியில் விஷயம் முற்றியது. செங்கல்பட்டு ஜில்லா முழுவதும் பள்ளிக்கூடங்களைச் சுற்றிவர ஒரு பிரசங்கியை நியமிக்க ஸ்கூல் இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம் தீர்மானித்தார். நோட்டீசில் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகும். அதற்குமுன் திருவான்மியூர் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரசங்கத்தைத் தாமே வந்து கேட்பார். பொருள்: கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளைக் காப்பது.

சுப்பராமன் நாள் குறித்தார். வெள்ளிக்கிழமை, பகல் ஒரு மணி. ராகுகாலம் முடிந்திருக்கும், ஜும்மா தொழுகை முடிந்திருக்காது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மதங்களையும் அனுசரித்த பெரிய மனசு!

லாந்தரை எடுத்துப்போக அவரே கடைக்கு வந்ததைப் பார்த்து ஷரீஃப் வியந்தார்.

"இன்னா சாமி, வெள்ளிக்கெழமையா? ரெண்டரைக்கு வெச்சா தொழுதுட்டு வந்துடுவேனே."

"இன்ஸ்பெக்டர் குறிச்ச நேரம், பாய். நீங்க சிரமப்பட வேண்டாம்."

"படம் சொருகறதுல ஒரு சூட்சுமம் கீது சாமி, காட்டறேன்..."

"ரெண்டு வருஷமா பாத்துண்டிருக்கேன் ஓய்!"

பார்த்ததில்லை. இரண்டு வருஷமும் லாந்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அவர்.

வெள்ளிக்கிழமை குப்பத்துப் பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் யுத்தகால இருட்டடிப்புக் காகிதத்தை ஒட்டினார்கள். செம்படவர் பிள்ளைகள் அறுபது பேர் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் முக்கால் மணி தாமதமாக வந்து நாற்காலியில் அமர்ந்தார். சுப்பராமன் கார்பைடு விளக்கை ஏற்றினார்.

"கூர்ம ஜாதியானது ஈசுவர சிருஷ்டியிலே..." என்று ஆரம்பித்துப் படத்தைச் சொருகினார்.

திரையில் கடல் மேலே இருந்தது. பனைமரங்கள் கூரையிலிருந்து தொங்கின. நடுவே ஆமை மல்லாந்து நாலு காலையும் தூக்கிக்கொண்டிருந்தது.

"டேய், கவுத்துட்டாங்கடா!" என்று கூரை பிய்கிறாற்போல் ஒரு ஆரவாரம். குப்பத்தில் ஆமை பிடிப்பது அப்படித்தான். மல்லாத்திப் போட்டால் அது ஓடாது.

லாந்தரில் படத்தைத் தலைகீழாகச் சொருகினால்தான் திரையில் நேராக விழும். அதுதான் ஷரீஃப் காட்ட வந்த சூட்சுமம். சுப்பராமன் படத்தை உருவி, தோசை மாதிரி புரட்டிப் போட்டார். ஆமை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போயிற்று, மல்லாந்தபடியேதான். வேர்த்துக்கொட்ட அடுத்த படத்தைச் சொருகினார். மணல் மேலே, முட்டைகள் கீழே.

"முட்டை கொட்டுது, கூடைய எடு!"

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். முன்வரிசையில் இருந்த சீதா என்ற பெண்ணைக் கேட்டார்: "என்னம்மா கத்துக்கிட்டே?"

"ஆமைய கவுத்துட்டு அப்பால முட்டையப் பொறுக்கணும் சார்."

அந்நேரம் வாசலில் சைக்கிள் சாய்கிற சத்தம். தலையில் தொழுகைக் குல்லாயோடு, மூச்சு வாங்க ஷரீஃப் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். ஆமைப் படத்தை எடுத்துத் தலைகீழாகச் சொருகினார். ஆமை குப்புற விழுந்து கடலைப் பார்த்தது.

"எவன்டா கவுத்தவன்? இது ஆத்தாடா! இன்னாத்துக்குக் கரைக்கு வந்துகீது? புள்ள பெக்க. உங்கம்மா உன்னப் பெத்துக்கினு இருக்கறப்போ எவனாவது வந்து கட்டிலோட கவுத்தா, நீ இங்க குந்திக்கினு படம் பாப்பியா?"

சிரிப்பு கிளம்பியது, பாதியிலேயே அடங்கியது. சீதா எழுந்தாள்.

"எங்க நைனா நேத்து ஒண்ண கவுத்து வெச்சிக்கீது பாய். போய்த் திருப்பிவுடச் சொல்லட்டா?"

"ஓடு!"

அவள் ஓடினாள். பின்னாலேயே அறுபது பேரும் ஓடினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரசங்கம் வேலை செய்தது அன்றுதான் முதல் தடவை. காலி அறையில் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"ஜில்லாவுக்கு இவர்தான்."

"தனியா கஸ்டம் சார்," என்றார் ஷரீஃப். "ஐயரும் வரட்டும். பாவம், நமக்கோசரம் ரெண்டு வருசமா அலைஞ்சிக்கினுகீறாரு. நான் பேசறேன், அவரு படம் சொருகட்டும்."

சுப்பராமனுக்கு, ஷரீஃப் தம் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. அறைந்தவனைத் திட்டலாம். சிபாரிசு செய்தவனை என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நோட்டீஸ் ஞாபகம் வந்தது. சின்ன எழுத்தானாலும் அச்செழுத்து.

"யோசிக்கறேன்," என்றார். யோசனை அடையாற்றுப் பாலம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டில் மனைவி பங்கஜம் காபியை நீட்டினாள். "ஏன்னா, என்ன ஆச்சு?"

"ஜில்லாவுக்குப் போறேன். யந்திர சம்பந்தமான முக்கியப் பொறுப்பு பூரா என்னுது."

"அந்த லாந்தர் பாயும் வராரோ?"

"வரார். பேச்சுத் துணைக்கு."

"நல்லதாப் போச்சு," என்றாள் பங்கஜம். "காஞ்சிபுரத்துக்குப் போறச்சே சொல்லுங்கோ, நானும் வரேன். அவர் நன்னாப் பேசுவாராமே!"