செல்லம்மாவுக்கு வந்த அம்மை

நெட்டுக்குப்பத்தில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, நானும் என் ஓர்ப்படி செல்லம்மாவும் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தோம். கிளையிலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி என் மடியில் விழுந்தது. எத்தனையோ பூச்சி பார்த்தவள் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மஞ்சள் உடம்பு, முதுகில் நாலு வெள்ளைக் குஞ்சம், தலையில் சிவப்பாக மயிர்க்கற்றை. எனக்குக் கை சும்மா இருக்காது. வலை ஊசியால் அதை ஏந்தி, "இந்தா மே, உனுக்கு மாலை" என்று அவள் கழுத்தில் போட்டேன். அவள் பதறிப்போய்த் தேய்த்தாள், நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் அவள் கழுத்தும் முதுகும் கொப்புளமாகிவிட்டன. காய்ச்சலும் கண்டது. மாமியார் பார்த்துவிட்டு, "ஆத்தா முத்து போட்டுகீறா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வாசலில் வேப்பிலை செருகினாள். பூச்சிதான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் என் குட்டு உடையும். ஆத்தாவையே பொய் என்கிறாயா என்று குப்பமே ஏறி மிதிக்கும்.

அம்மை கண்ட வீட்டில் மருந்து கிடையாது, மீன் கிடையாது, தாளிப்பும் கிடையாது. மாமியாரைத் தவிர யாரும் அவளருகே போகக் கூடாது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மாமியார் மாரியம்மன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவளிடம் போனேன். கொப்புளமெல்லாம் வற்றிக்கொண்டிருந்தது.

"இது அம்மை இல்ல மே, அந்தப் பூச்சி. நான்தான் பாவி. அத்தையாண்ட சொல்லிட்டு உன்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனுக்கு அன்னிக்கே தெரியும்க்கா. யார்கிட்டயும் சொல்லாதே."

"இன்னா மே சொல்றே?"

"நாலு நாளா அவரு குடிக்கல. ஆத்தா கீற வூடுன்னு கை ஓங்கல, ஒரு வார்த்த ஏசல. வாசல்லியே படுத்துக்கிறாரு. நேத்து 'தாயே'ன்னு என்னப் பாத்துக் கும்புட்டாரு."

அவர் என்றால் என் கொழுந்தன் பொன்னுரங்கம். சர்க்கார் மதுவிலக்குப் போட்டும் அவன் ஒரு நாள் சாராயம் இல்லாமல் வீடு திரும்பியதில்லை. ரவிக்கையில்லாமல் கிடந்த அவள் முதுகில், கொப்புளங்களுக்கு நடுவே பழைய கயிற்றுத் தழும்புகள் தெரிந்தன. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, அடி விழும்போதெல்லாம் திரும்பிப் படுத்துக்கொண்டவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தறாங்களாம்" என்றாள். தண்ணீர் ஊற்றிவிட்டால் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அவள் என் கையை விடவில்லை.

"அதுக்குள்ள அந்தப் பூச்சி இன்னொண்ணு கெடைக்குமாக்கா?"