சக்கரத்தடியில் எலுமிச்சை

மஞ்சளாக, உருண்டையாக, முன்சக்கரத்தை ஒட்டி அது நடுங்கிக்கொண்டிருக்கிறது, ஈரமான இரும்புத்தளத்திலிருந்து ஆவி எழுந்து அதை மறைக்கிறது, விலகுகிறது, மறுபடியும் மறைக்கிறது, எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் என்னைப் பொறுத்தருள வேண்டும், விடுப்பு விண்ணப்பத்திற்கு மேல் எதையும் எழுதியறியாத கை இது, ஆயினும் கண்ணை மூடினால் அந்த மஞ்சள் வந்து நிற்கிறது, இன்று காலை புதுச்சேரியில் என் மகள் வாங்கிய காரின் முன்னால் விற்பனைக்காரர் வைத்த எலுமிச்சையா, அன்று ஆப்பிரிக்கக் கரையின் ஜிபூத்திக்கு அப்பால் ‘செரேன்’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் சிவக்கொழுந்து வைத்த எலுமிச்சையா, பிரித்தறிய எனக்குக் கூடவில்லை.

விமானத்தைக் கவணில் வைத்து எறிவதுபோல் எறியும் பெருங்கப்பல்களைக் கைவிட்டு, நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும் ஜெட்டுகளைப் பிரெஞ்சுக் கடற்படை நம்பத் தொடங்கியிருந்த காலம் அது, லிபெல்லூல் என்று அதற்குப் பெயர், தும்பி என்று பொருள், நானும் சிவக்கொழுந்தும் தும்பி என்றே அழைத்தோம், கப்பலில் புதுச்சேரிக்காரர் நாங்கள் இருவர் மட்டும், அவன் கடல்நீரைக் குழாயில் பீய்ச்சித் தளத்தைக் குளிர்விப்பவன், நான் கைகளை அசைத்து விமானத்தை நடத்துபவன், அந்த இரைச்சலில் பேச்சு எவருக்கும் எட்டாது, என் கைதான் பேச்சு. தும்பியின் வயிற்றில் தீ, முதுகில் காற்றை உறிஞ்சும் வாய், கீழே அடிக்கும் காற்று தளத்தில் மோதி மேலேறி அந்த வாய்க்குள்ளேயே திரும்பும், முன்னொரு நாள் ஒரு மாலுமியின் தொப்பியை அப்படித்தான் விழுங்கி எஞ்சின் முறிந்தது, நல்ல வேளையாக விமானம் அப்போது எழும்பியிருக்கவில்லை.

கடற்படைத் துறைமுகமான துலோனிலிருந்து அட்மிரல் வந்திருக்கிறார், இரண்டு சோதனைகள் பாதியில் நின்றுவிட்டன, இன்றும் நின்றால் இந்த விமானங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டார், ஓட்டப்போகிறவர் கெர்வெல், பிரான்சின் பிரத்தாஞ் கரையோரத்து மீனவர் மகன், அன்று ஆயுத பூஜை, விடியலிலேயே சிவக்கொழுந்து தும்பியின் மூக்கில் சந்தனப் பொட்டு வைத்தான், கெர்வெல் சிரித்துக்கொண்டே, எங்கள் ஊரில் பாதிரியார் படகுக்குத் தண்ணீர் தெளிப்பார், இது மணமாகவாவது இருக்கிறது என்றார், அவ்வளவோடு முடிந்தது என்றுதான் நான் எண்ணினேன்.

எஞ்சின் பற்றிக்கொள்கிறது, சக்கரக் கட்டைகளை அகற்றிவிட்டார்கள், என் இரு கைகளும் உயர்ந்து நிற்கின்றன, அப்போதுதான் ஆவி விலகி அந்த மஞ்சளைப் பார்க்கிறேன், சமையலறையிலிருந்து சிவக்கொழுந்து எடுத்து வந்திருக்கிறான், புதுச்சேரியில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் வைப்பதுபோல வைத்திருக்கிறான், பஸ் உருண்டு போகும், பழம் நசுங்கும், இது உருளாதே, இது நேரே மேலே போகுமே, நசுங்காத பழம் காற்றில் எழும்பி முதுகின் வாய்க்குள் போகும், அவ்வளவு தாழ்வில் எஞ்சின் நின்றால் கெர்வெலுக்குக் குதிக்கவும் நேரமிராது. கைகளைக் குறுக்கே வைத்தால் எல்லாம் நிற்கும், தும்பிகளின் கதையும் அன்றோடு முடியும். சிவக்கொழுந்து குழாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான், பிறகு என் பார்வை போன இடத்தைப் பார்க்கிறான், பல் மறைகிறது.

நான் தயங்கவில்லை, இதைத் தற்பெருமையாகக் கொள்ள வேண்டாம், என் கைகளுக்குத் தெரிந்திருந்தது, முன்னே வா என்று அழைத்தன, இன்னும் கொஞ்சம், ஒரு சாண், போதும், அப்படியொரு சைகை அன்றைய சோதனையில் இல்லவே இல்லை, கண்ணாடிக் கூண்டுக்குள் கெர்வெலின் புருவம் உயர்ந்தது, ஆயினும் பிரேக்கைத் தளர்த்தினார், சக்கரம் உருண்டது, மஞ்சள் தட்டையாகி ரப்பரோடு ஒட்டிக்கொண்டது, நில் என்றேன், எழு என்றேன், தும்பி எழுந்தது, என் தொப்பியைப் பறித்துக் கடலில் எறிந்துவிட்டு, தன் ஆவிக்கு மேலே, கப்பலுக்கு மேலே, காலில் ஓர் எலுமிச்சைத் தோலோடு ஆகாயத்தில் நின்றது.

டேய், உருளாத வண்டிக்கு எதுக்குடா எலுமிச்சம்பழம் என்று நான் பிறகு கத்தினேன், அதான் உருட்டிட்டியே மச்சான், பூஜை முழுசாயிடுச்சு பாரு என்றான் தும்பியின் அனலில் கருகிய புருவத்தைத் தடவிக்கொண்டே, அட்மிரல் என்னிடம் வந்து ஏன் நகர்த்தினாய் என்று கேட்டார், புறப்படும்போது எங்கள் ஊரில் சக்கரம் ஒரு சாண் உருண்டாக வேண்டும் முசியே என்றேன், கீழிறங்கிய கெர்வெல் டயரிலிருந்து தோலை உரித்து முகர்ந்து, மீன் மட்டும்தான் குறைகிறது என்றார். மறு மாதமே தும்பிகளைச் சுமக்கும் ஐந்து கப்பல்களுக்கு உத்தரவாயிற்று, கவண்கள் பழைய இரும்புக்குப் போயின.

அப்பா, கைய எறக்குங்க, எல்லாரும் பாக்கறாங்க என்கிறாள் மகள் காருக்குள்ளிருந்து, நடைபாதையில் என் இரு கைகளும் தாமாக உயர்ந்திருக்கின்றன, இறக்கவில்லை, முன்னே வா என்று அழைக்கின்றன, ஒரு சாண், சக்கரம் உருள்கிறது, மஞ்சள் தட்டையாகி ரப்பரோடு ஒட்டிக்கொள்கிறது, ஆவியில்லை, வெறும் வெயில், போம்மா, நேரா போ என்கிறேன்.

இழந்தவை: ஓர் எலுமிச்சம்பழம், ஒரு தொப்பி, சிவக்கொழுந்தின் புருவம், நாளடைவில் என் இடது காது, பின்னாளில் முதுமையினால் சிவக்கொழுந்தும் கெர்வெலும். அன்று இழந்த ஆள் எவருமில்லை. இழந்த தும்பி ஒன்றுமில்லை.