டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு

என் வீட்டுக்காரர் டீசல் திருடுகிறார் என்று என் கூடப்பிறந்த அண்ணனே லாரி ஷெட்டில் எல்லா டிரைவர்கள் முன்னாலும் கத்தியிருக்கிறான். சேதி வந்தபோது அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதைவிட அதிகமாக நான் கொதித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

லாரி அண்ணனுடையது. ஓட்டுவது இவர். கொஞ்ச நாளாக வண்டிக்கு மைலேஜ் குறைந்துகொண்டே வந்தது. முதல் தடவை குறைந்ததுமே அண்ணன் கடைக்குப் போய் டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி வாங்கி மாட்டினான். சாவி அவன் சட்டைப்பையில். தினமும் காலையில் அவனே நின்று வழிய வழிய டீசல் போட்டு, பூட்டி அனுப்புவான். இவரோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். பூட்டு விழுந்ததிலிருந்து டேங்க் பக்கமே போவதில்லை. போனால் அதற்கும் ஒரு பேச்சு வருமே!

ஷெட்டில் இவர் லாரி ஓரமாகத் தலைகுனிந்து நின்றிருந்தார். அந்த நிற்பைப் பார்த்ததும் நேராக அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"என்ன பேசினே? இன்னொரு தடவ என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"நீ வீட்டுக்குப் போம்மா, இது தொழில் விஷயம்," என்றான் அண்ணன். "மெக்கானிக்கையே கேளு. ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு. டயர்ல காத்து சரியா இருக்கு. பின் சக்கரத்துல பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுச்சு, அதையும் சரி பண்ணியாச்சு. அப்புறமும் குறையுதுன்னா, குடிக்கிறது வண்டி இல்ல."

"பூட்டு உன்னுது, சாவி உன்கிட்ட. அவரு எப்படி எடுப்பாரு? மந்திரம் போட்டா?"

"கள்ளச்சாவி போட்டிருப்பான்."

என் கல்யாணத்தன்று மாப்ள மாப்ள என்று குழைந்த அதே வாய்!

மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்தார். "எனக்கும் புரியல தங்கச்சி. இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஓட்டிப் பாத்துருவோம், இப்பவே. டேங்க ரொப்பு, நீயே பூட்டு, சாவியோட அவரு பக்கத்துல உக்காரு. நான் பின்னாடியே வர்றேன்," என்றேன் அண்ணனிடம்.

"வேலிக்கு ஓணான் சாட்சியா?" என்று சிரித்தான் அண்ணன். ஆனாலும் ஏறினான்.

மெக்கானிக்கின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து லாரியின் பின்னாலேயே போனேன். நேர் ரோட்டில் ஒன்றும் இல்லை. ரவுண்டானாவில் லாரி வளைந்தபோது என் முகத்தில் சடசடவென்று ஏதோ தெறித்தது. வானத்தில் மேகமே இல்லை. கண் எரிந்தது. டீசல்! அடுத்த வளைவில் மறுபடியும் தெறித்தது. மெக்கானிக் ஹாரன் அடித்து லாரியை நடுரோட்டிலேயே நிறுத்தினார்.

மூடியைப் பிடித்து அசைத்தார். பூட்டியபடியே அது ஆடியது.

"இந்த டேங்குக்கு உண்டான மூடியே இல்ல முதலாளி இது. உள்ள ரப்பரும் உக்காரல. நீங்க வாய் வரைக்கும் ரொப்புறீங்க, ஒவ்வொரு வளைவுலயும் தளும்பி ரோட்டுக்குப் போகுது. பாருங்க, டேங்க் முழுக்க ஈரப் புழுதி அப்பிக் கிடக்கு, நானும் கவனிக்கலையே! முதல்ல குறைஞ்சது பிரேக்கால. அப்புறம் குறைஞ்சது உங்க பூட்டால."

முகத்தில் வடிந்த டீசலை நான் துடைக்கவில்லை.

"திருடன் கிடைச்சாச்சுல்ல? ஷெட்டுக்கு வா. கத்தின அதே குரல்ல, அதே ஆளுங்க முன்னாடி, அவரு திருடலன்னு சொல்லு."

அண்ணன் கழுத்தைச் சொறிந்தான். இவர் தோளில் கையைப் போட்டான்.

"விடு மாப்ள. குடும்பத்துக்குள்ள இதெல்லாம் சகஜம். ரப்பர் வச்ச நல்ல பூட்டா ஒண்ணு வாங்கி மாட்டிருவோம்."

மறுபடியும் பூட்டு! நான் சண்டைக்கு வாயெடுத்தேன்.

அதற்குள் இவர் பேசினார். தோளில் கிடந்த கையை எடுத்து, அதன் உள்ளங்கையில் லாரிச் சாவியை வைத்தார்.

"மாட்டுங்க மச்சான். அப்படியே நல்ல டிரைவரா ஒருத்தரையும் பாத்துக்குங்க."

பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அண்ணனுக்கு லாரி ஓட்டத் தெரியாது. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.